முரஸ் காலிக்கஸ்: மரக்கோட்டையா, மதிலா?

ஐரோப்பிய இரும்புக்காலம் பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும் ‘மரக்கோட்டை’ வந்து நிற்கிறது. முரஸ் காலிக்கஸ் என்ற லத்தீன் பெயருக்குத்தான் இந்தப் பாடு. முரஸ் என்றால் மதில். காலிக்கஸ் என்றால் கோல் நாட்டுக்கு உரியது. இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் அந்த நாடு. சொற்பிறப்பு அவ்வளவே.

மரக்கோட்டை என்றதும் கூர்சீவிய மரங்களை வரிசையாக நட்ட வேலிதான் மனதில் வரும். இங்கே கதையே வேறு. கி.மு. 52-இல் அவாரிக்கம் நகரை (இன்றைய பூர்ஷ்) முற்றுகையிட்ட ஜூலியஸ் சீசர் இந்த மதிலை விவரித்திருக்கிறார். உத்தரங்களை இரண்டடி இடைவெளியில் மதிலுக்குக் குறுக்காகக் கிடத்தி, உட்புறத்தில் நெடுக்கு மரங்களோடு பிணைத்து, மேலே மண்ணைக் கொட்டுவார்கள். முகப்பில் உள்ள இடைவெளிகளைப் பெருங்கற்களால் அடைப்பார்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு, உத்தரம் உத்தரத்தைத் தொடாதபடி. கல் தீயைத் தடுக்கும். மரம் இடிதூணைத் தாங்கும். சீசர் சொல்லாமல் விட்டது ஆணி. பிரான்சில் உள்ள பழைய கோல் நகரான பிப்ராக்ட் அகழாய்வில், உள்ளே மரங்கள் குறுக்கிடும் இடங்களில் 20 முதல் 30 செ.மீ. வரை நீளமான இரும்பாணிகள் கிடைத்தன.

வெளியே நின்று பார்த்தால் கல்லும் உத்தர முனைகளும்தான் தெரியும். இதை மரக்கோட்டை என்பது காங்கிரீட் வீட்டை இரும்பு வீடு என்பது போல. போதாக்குறைக்கு, கோட்டை என்பது முழு வளாகம். இந்தப் பெயர் குறிப்பதோ அதன் மதிலை மட்டும்.

இன்னொருவர் கோல் நாட்டைக் ‘கால்’ ஆக்கி, ‘கால் சுவர்’ என்று எழுதுகிறார். மீதி முக்கால் சுவர் எங்கே என்று படிப்பவர் தேட வேண்டியதுதான். ஒலியை அப்படியே இறக்கிவிட்டு, அது தமிழில் வேறு சொல்லாக நிற்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள். தனித்தமிழ்க்காரர்கள் மதிலை எயில், இஞ்சி என்பார்கள். பழைய, நல்ல சொற்கள். ஆனால் இன்று இஞ்சி என்றால் துவையல்தான் நினைவுக்கு வரும்.

என் ஓட்டு ‘மரம்பிணை மதில்’. வீட்டுக்குச் சுவர், ஊருக்கு மதில் என்ற வேறுபாடும் நிற்கிறது. இன்னொரு வசதி, இது வகைப்பெயராகவும் உதவும். ஜெர்மனியின் மான்ஷிங்கில் முதலில் கட்டியது சீசர் சொன்ன வகை. பின்னர் அதே இடத்தில் முகப்பில் செங்குத்துத் தூண்கள் நிறுத்திய மதில் எழுந்தது. முன்னதைக் கிடைமரம்பிணை மதில், பின்னதை நிலைமரம்பிணை மதில் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஸ்காட்லாந்தின் டாப் ஓ’ நோத் போன்ற குன்றுகளில் மதிலுக்குள் இருந்த மரம் எரிந்து, அந்தச் சூட்டில் கற்கள் உருகிக் கண்ணாடிபோல் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றை யாராவது ‘கண்ணாடிக் கோட்டை’ என்று எழுதுவதற்குள் ‘உருகுகல் மதில்’ என்று சொல்லி வைக்கிறேன்.