காற்று நின்றால் விழுமா? இருவரைச் சுமக்கும் துணிச் சிறகின் இயக்கம்

விடுமுறைக்கு நேபாளத்தின் பொக்காரா நகருக்குச் சென்று, சரங்கோட் குன்றிலிருந்து பைலட் ஒருவருடன் சேர்ந்து முதன்முதலாகப் பராகிளைடர் என்ற துணிச் சிறகில் பறந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பிய மறுவாரம், கல்லடிக் கடற்கரையில் பட்டம் ஏற்றிக்கொண்டிருந்த என் அக்காவின் மகன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, நடு வானத்தில காத்து நிண்டா விழுந்திர மாட்டீங்களா?" அவனுடைய பட்டம் அந்த நேரத்தில் காற்றுத் தளர்ந்து தலையாட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே கேள்வி நியாயமானதே. பயணத்தைப் பற்றி விசாரித்த பெரியவர்களும் வேறு வேறு சொற்களில் இதையேதான் கேட்டார்கள். விழாது என்பதே விடை. ஏன் விழாது என்பது விளங்கிவிட்டால், அந்தச் சிறகைப் பற்றிய மற்ற எல்லாமே விளங்கிவிடும்.

பட்டம் நூலால் நிலத்தோடு கட்டுண்டது. நூல் அதைப் பிடித்து நிறுத்துவதால்தான் வீசும் காற்று அதைக் கடந்து செல்கிறது. அந்தக் காற்றே அதைத் தாங்குகிறது. காற்றுத் தளர்ந்ததும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடத் தொடங்கியதும், அசையாமல் நிற்கும் காற்றுகூடப் பட்டத்துக்கு வீசும் காற்றாகிவிடுகிறது. பராகிளைடர் வாழ்வது இந்த இரண்டாவது வகைக் காற்றில்தான். அதை இழுத்துக்கொண்டு ஓட நிலத்தில் ஆளில்லை. அந்த வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளத்தில் வழுக்குவதுபோல அது எப்போதும் முன்னோக்கியும் சிறிது கீழ்நோக்கியும் சென்றுகொண்டே இருக்கிறது. தன் இறக்கத்தினால் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதால், வெளியே காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் நடுவானில் அதன் தாங்குதல் அற்றுப்போவதில்லை.

குன்றின் சரிவில் புல்லின்மேல் விரித்துக் கிடந்தபோது அது எனக்குச் சிறகாகவே தோன்றவில்லை. விரல்களுக்கிடையில் வைத்து உரசிப் பார்த்தேன். பொலித்தீனைப் போலச் சரசரக்கும் மெல்லிய நைலோன் துணி. சில மில்லிமீற்றருக்கு ஒருமுறை சற்றுத் தடித்த இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி அதைச் சின்னஞ்சிறு சதுரங்களாகப் பிரிக்கின்றன. எங்காவது கிழிசல் விழுந்தால் அது பரவாமல் அந்தத் தடித்த இழையில் தடைப்பட்டு நிற்பதற்காகவே இந்த நெசவு. காற்றுக் கசியாதபடி துணிக்குப் பூச்சும் உண்டு. இருவர் பறக்கும் சிறகு ஏறத்தாழ 40 சதுர மீற்றர் பரப்பும் 14 மீற்றர் அளவு அகலமும் கொண்டது. ஆனாலும் அதன் நிறை ஏழெட்டுக் கிலோதான். மேல் துணி, கீழ் துணி என்று இரண்டு படைகள். இடையே துணியாலான சுவர்கள். அவற்றால் பிரிக்கப்பட்ட ஐம்பதளவு அறைகள். பெரும்பாலான அறைகளுக்கு முன்விளிம்பில் மீனின் வாய்போலத் திறந்த ஒரு துவாரம் உண்டு; பின்விளிம்பு தைத்து மூடப்பட்டிருக்கிறது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் காற்றுச் செல்வதற்காக இடைச்சுவர்களிலும் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள்.

சிறகு முன்னேறும்போது அந்த வாய்களுக்குள் காற்றுப் புகுகிறது. பின்பக்கம் போக வழியில்லாததால் அங்கேயே தேங்கி அறைகளை ஊதிப் பெருக்கச் செய்கிறது. வழக்கமான பறக்கும் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர், என்று கொள்வோம். கடல்மட்டக் காற்றடர்த்தியில் கணக்கிட்டால், அவ்வாறு தேங்கும் காற்றின் மேலதிக அமுக்கம் ஏறத்தாழ 60 பாஸ்கல். ஒரு தட்டில் ஆறு மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அது தட்டின் அடியை எவ்வளவு அமுக்குமோ, அவ்வளவுதான். சைக்கிள் ரயரின் அமுக்கம் இதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை. முன்விளிம்பில் தைக்கப்பட்ட சில மெல்லிய நைலோன் கம்பிகளைத் தவிர வேறு எந்தச் சட்டமும் இல்லாத ஒரு துணியை, ஆறு மில்லிமீற்றர் தண்ணீரின் அமுக்கம் இரு மனிதரைச் சுமக்கும் சிறகாக விறைக்கச் செய்கிறது. வேகம்தான் அதன் எலும்பு.

இந்த அறைச் சிறகை 1964இல் வடிவமைத்தவர், பட்டங்களும் பலூன்களும் அமைப்பதில் தேர்ந்தவரான டொமினா ஜல்பேர். பட்டத்தின் வழியில் வந்த ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்பதை மருமகனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. அடுத்த ஆண்டில் டேவிட் பாரிஷ் என்ற அமெரிக்கர் தாம் அமைத்த வேறொரு துணிச் சிறகைக் கொண்டு மலைச்சரிவில் பறந்து காட்டினார். ஆயினும் இது ஒரு விளையாட்டாக வேரூன்றியது 1978இல்தான். விமானத்தில் ஏறிச் செல்லும் செலவில்லாமல் குதிக்கப் பழக விரும்பிய பரசூட் வீரர்கள் மூவர், பிரான்சின் மியூசி என்ற மலைக் கிராமத்துச் சரிவில் தங்கள் பரசூட்டுகளை விரித்துக்கொண்டு ஓடிப் பறந்தார்கள்.

சிறகு நம்மைத் தாங்குவது எப்படி என்பதற்கு வகுப்பறைகளில் இன்னும் சொல்லப்படும் ஒரு விளக்கம் தவறானது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மேற்பரப்பின் வழி நீளமானது, ஆகவே மேலே போகும் காற்று கீழே போகும் காற்றுடன் ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைய வேகமாக ஓடுகிறது என்பார்கள். ஒரே நேரத்தில் வந்துசேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு இல்லை. உண்மையில் மேலே செல்லும் காற்று முந்தியே வந்துவிடுகிறது. சிறகு தன் வளைவாலும் சாய்வாலும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அவ்வாறு திருப்பும்போது மேற்பரப்பில் அமுக்கம் குறைந்தும் கீழ்ப்பரப்பில் சற்றுக் கூடியும் நிற்கிறது. அந்த வேறுபாடே உயர்த்துவிசை. இரண்டு பேரும் கருவிகளுமாக 180 கிலோ என்றால், 40 சதுர மீற்றரில் ஒவ்வொரு சதுர மீற்றரும் நாலரைக் கிலோவைத் தாங்கினால் போதும்.

புறப்படும் முன் பைலட் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: ஓடுங்கள், நான் சொல்லும்வரை உட்காராதீர்கள். முதல் முயற்சியில் நான் அதைத் தவறவிட்டேன். நான்கு அடி ஓடியதும் பட்டிகள் தோளைப் பற்றி மேலே இழுத்தன. பறக்கத் தொடங்கிவிட்டோம் என்று நினைத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். சிறகு ஒரு பக்கமாகச் சரிந்து எங்களுக்குப் பின்னால் புல்லில் விழுந்தது. அவர் கடிந்துகொள்ளாமல் மறுபடியும் விரித்தார்.

காரணம் எளிமையானது. உயர்த்துவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது: பாதி வேகத்தில் பாதித் தாங்குதல் கிடைப்பதில்லை, கால்பங்குதான் கிடைக்கிறது. தோளில் நான் உணர்ந்த இழுப்பு அந்தக் கால்பங்கு. மிச்சமான முக்கால்பங்கு நிறையை என் கால்கள் சுமந்திருக்க வேண்டிய நேரத்தில் நான் அவற்றை மடக்கிவிட்டேன். எதிர்காற்றை நோக்கி ஓடுவதற்கும் இதுவே காரணம். நிலத்தைவிட்டு எழும்ப, சிறகின்மேல் மணிக்கு 27 கிலோமீற்றர் அளவில் காற்றுச் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்காற்று வீசும்போது நாம் 12 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் போதும். வெளிக்காற்றின் உதவி முக்கியமாக வேண்டியிருப்பது இந்தப் புறப்பாட்டிலும், பின்னர் இறங்கும்போதும்தான். இரண்டாம் முறை, சரிவு காலுக்குக் கீழே முடிந்த பின்னும் வெறும் காற்றில் ஓடிக்கொண்டே இருந்தேன்.

வானில் பயணி முன்னே, பைலட் பின்னே. இருவரின் இருக்கைப் பட்டிகளும் இரு பக்கத்திலும் ஒவ்வொரு முக்கோணத் துண்டில் கொளுவப்பட்டு, அந்தத் துண்டுகளிலிருந்து சிறகின் இழைகளுக்குப் பாரம் செல்கிறது. இழைகள் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்பே கொண்டவை. ஆனால் எஃகைவிட நிறைக்கேற்ற வலிமை கூடிய செயற்கை நார்கள். சிறகு தலைக்கு மேலே பல மீற்றர் உயரத்தில் இருக்க, பாரம் முழுவதும் கீழே தொங்குவதால், ஊசற்குண்டைப்போல இந்த அமைப்பு எப்போதும் நேர்நிலைக்குத் திரும்பவே முயலும். பைலட்டின் இரு கைகளிலும் உள்ள பிரேக் கயிறுகள் பின்விளிம்பைக் கீழே இழுப்பவை: வலப்பக்கத்தை இழுத்தால் அந்தப் பக்கம் தாமதித்துச் சிறகு வலப்பக்கம் திரும்பும்.

இனி, இறங்கிக்கொண்டே இருக்கும் ஒன்று எப்படி மேலே ஏறுகிறது என்பது. எட்டு மீற்றர் முன்னேறினால் ஒரு மீற்றர் இறங்கும் சிறகு, 800 மீற்றர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 6.4 கிலோமீற்றர் போகலாம். கல்லடிப் பாலத்துக்கு மேலே விட்டால் காத்தான்குடியைத் தாண்டிவிடும். நேரம் பத்துப் பதினொரு நிமிடம். ஆனால் சரங்கோட்டுக்கும் கீழே உள்ள பேவா ஏரிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ அவ்வளவே இருக்க, நாங்கள் அரைமணி நேரம் பறந்தோம். மிச்ச நேரத்தைத் தந்தது சூடேறி மேலெழும் காற்று. பறப்பவர்கள் அதைத் தெர்மல் என்கிறார்கள்.

அதைக் காண நேபாளம் வரை போக வேண்டியதில்லை. ஆவணி மாதத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் வேளாண்மை வெட்டி முடிந்த வயல்வெளியில் முற்பகல் பத்து மணிக்கு மேல் நின்று பாருங்கள். பருந்துகள் சிறகடிக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு உயர்ந்து செல்லும். வாவிக்கு மேலே அவை அப்படி உயர்வது அரிது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க வேண்டிய வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்கு வேண்டியதைப்போல நான்கைந்து மடங்கு. அதோடு வாவியில் வெயில் ஆழமாக இறங்கிக் கலந்து பரவிவிடுகிறது. தாள் கருகிய வயலில் மேல்மண் மட்டும் விரைவில் கொதித்து, தன்னைத் தொட்டு நிற்கும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்து, தக்க சமயத்தில் நிலத்தைவிட்டுப் பிரிந்து எழுகிறது. எழும்போது வெளியமுக்கம் குறைவதால் விரிந்து, விரிவதால் குளிர்கிறது: ஒரு கிலோமீற்றருக்கு 9.8 பாகை செல்சியஸ் வீதம். அவ்வாறு குளிர்ந்தும் சுற்றுக்காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும்.

நமக்குப் பழக்கமான கச்சான் காற்றின் சூட்டுக்கும் இதே கணக்குத்தான். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் முகில் கட்டிக்கொண்டு ஏறும்போது, நீராவி ஒடுங்கி வெப்பத்தை வெளிவிடுவதால், கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிர்கிறது. மழையை அங்கேயே கொட்டிவிட்டு, ஈரமற்றதாக நம் பக்கம் இறங்கும்போதோ அதே தூரத்துக்கு 9.8 பாகை சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெற்றது கூட. ஆடி மாத மத்தியானத்தில் முகத்தில் அனலாக அடிப்பது அந்த மிச்சம்.

சிறகு அசையாத காற்றில் செக்கனுக்கு 1.25 மீற்றர் இறங்குகிறது. அது நிற்கும் காற்றுத்தூணே செக்கனுக்கு மூன்று மீற்றர் ஏறினால், காற்றுக்குள் இறங்கியபடியே நிலத்திலிருந்து பார்க்க ஏறிக்கொண்டிருக்கும். கட்டைவண்டி முன்னே ஓட, அதற்குள் ஒருவர் பின்னோக்கி நடப்பது போல. தூண் ஒடுக்கமானது என்பதால் அதற்குள்ளேயே வட்டமிட வேண்டும். எங்கள் பைலட்டின் தோளிலிருந்த வேரியோ என்ற சிறு கருவி, காற்றமுக்கத்தின் மாற்றத்தை அளந்து ஒலியெழுப்பியது. எட்டு ஒன்பது மீற்றர் ஏறினால் அமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல், அதாவது நூறு பாஸ்கல், குறையும். ஒரு மீற்றருக்கும் குறைந்த ஏற்றத்தைக்கூட அது உடனே காட்டிவிடுகிறது. கீச்சென்ற அந்த ஒலி விரைவாகும்போது ஏற்றம் விரைவு. ஒலி தளர்ந்ததும் அவர் வட்டத்தை நகர்த்தினார். வலப்பக்கம் கழுகு ஒன்று எங்களைவிட நெருக்கமான வட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துப் பார்த்தே தம் வட்டத்தைத் திருத்தினார். வட்டமிடும்போது சிலருக்கு வயிறு குமட்டும். தொலைவிலுள்ள மலையொன்றில் பார்வையை வைத்திருப்பது உதவும்.

உண்மையான ஆபத்து காற்று நிற்பதில் இல்லை, காற்றுக் குழம்புவதில் இருக்கிறது. மலையின் மறைவுப் பக்கத்தில் சுழன்று கீழே பாயும் காற்றோ, வலிய தெர்மலின் விளிம்போ சிறகின் ஒரு பகுதியை மேலிருந்து அமுக்கினால், அந்தப் பகுதி சிறிது நேரம் மடிந்துபோகலாம். சிறகு தொடர்ந்து முன்னேறுவதாலும் அறைகளுக்கிடையே காற்று ஓடுவதாலும் பெரும்பாலும் அது மறுபடியும் ஊதிக்கொள்ளும். மீளாவிட்டால் பைலட்டிடம் இருவரையும் தாங்கும் உபரிப் பரசூட் உண்டு. ஆகவே, பறக்க விரும்புபவர் பைலட்டின் உரிமத்தையும் அந்த உபரிப் பரசூட்டையும் பற்றித் தயங்காமல் கேட்க வேண்டும். கால் பட்டிகள் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று தாமே தொட்டுப் பார்க்க வேண்டும். வானிலை சரியில்லை என்று பைலட் மறுத்தால் பணம் கொடுத்ததைச் சொல்லி வற்புறுத்தவே கூடாது.

ஏரிக்கரை நெருங்கியதும் பைலட் எதிர்காற்றின் பக்கம் திரும்பினார். அதுவரை நிதானமாகத் தெரிந்த நிலம், கடைசிப் பத்து மீற்றரில் விரைந்து வந்தது. எழுந்து நிற்கும்படி சொன்னார். ஓர் ஆள் உயரத்தில் இரு பிரேக்குகளையும் ஒன்றாகக் கீழே இழுத்தார். பின்விளிம்பு முழுவதும் வளைந்து காற்றை அழுத்தியது. முன்னோக்கிய வேகம் ஒரு கணத்துக்கு உயர்த்துவிசையாக மாறியது. இரண்டு அடி நடந்து நின்றுவிட்டோம். வேகம் போனதும் சிறகு எங்களுக்குப் பின்னால் பழையபடி வெறுந்துணியாகத் தொய்ந்து விழுந்தது. அதை மடிக்க நானும் உதவினேன். பின்விளிம்பிலிருந்து முன்விளிம்பை நோக்கித் தடவிக்கொண்டு வந்தபோது, அறைகளுக்குள் மிஞ்சியிருந்த காற்று அந்த வாய்களின் வழியாக மெல்லிய பெருமூச்சாக என் கையில் பட்டு வெளியேறியது.