காப்பி செய்த பாஸ்வேர்டு வீட்டு லேப்டாப்பில் தெரிகிறது

சிறு அலுவலகங்களுக்குக் கணினிப் பாதுகாப்பு பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். அங்கே ஓர் ஊழியர், வாடிக்கையாளர்களின் வருமான வரித் தள பாஸ்வேர்டுகளை எக்செல் கோப்பில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் காப்பி செய்து ஒட்டுகிறார். வீட்டு லேப்டாப்பிலும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதில் மகள் பாடம் படிக்கிறாள். அவள் விண்டோஸ் கீயையும் வி கீயையும் சேர்த்து அழுத்தினால், அப்பா ஆபீஸில் காப்பி செய்தவை வரிசையாக வந்து நிற்கின்றன. எடுத்துச் சொன்னால், "எல்லாம் என் சிஸ்டம்தானே சார், வெளியாள் யார் பார்க்கப் போறாங்க?" என்கிறார்.

இந்தப் பதிலைக் கேட்காத மாதமே இல்லை. காப்பி செய்ததைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்தான் கிளிப்போர்டு. அதைச் சாதனங்களுக்கிடையே ஒத்திசைக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால், ஒரே கணக்கில் இருக்கும் மற்றச் சாதனங்களுக்கும் அது போய்விடும். கிளிப்போர்டுக்கு ஆளை அடையாளம் தெரியாது. எந்தக் கணக்கில் லாகின் ஆகியிருக்கிறது என்று மட்டும்தான் அது பார்க்கும். பிள்ளைக்குக் கொடுத்த பழைய லேப்டாப், மச்சானிடம் போன கணினி, சர்வீஸ் கடையில் கிடப்பது, வேலையை விட்டபோது லாக் அவுட் செய்யாமல் வந்த ஆபீஸ் சிஸ்டம் என எதில் உங்கள் கணக்கு திறந்திருந்தாலும், அது அதற்கு 'உங்கள்' சாதனம்தான். குடும்பம் முழுக்க ஒரே ஆப்பிள் ஐடி (இப்போது பெயர் ஆப்பிள் அக்கவுண்ட்) வைத்திருக்கும் வீடுகளிலும் இதே நிலைமை. கணவர் மேக்கில் காப்பி செய்ததை, பக்கத்தில் இருக்கும் மனைவியின் ஐபோனில் அப்படியே ஒட்டலாம். உங்களுக்கு நம்பிக்கையானவர்தான், சரி. அந்த பாஸ்வேர்டு உங்கள் வாடிக்கையாளருடையது அல்லவா?

ஆப்பிளில் இந்த ஒத்திசைப்பு வசதி 2016-இல் வந்தது. விண்டோஸில் 2018 அக்டோபர் அப்டேட்டில் வந்தது. விண்டோஸில் இது தானாக ஆன் ஆகாது. யாரோ ஒருமுறை ஆன் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். அங்கே கிளிப்போர்டு ஹிஸ்டரி, அதாவது காப்பி செய்தவற்றின் பட்டியல், 25 உருப்படிகள் வரை வைத்திருக்கும். அடுத்ததைக் காப்பி செய்தால் முந்தையது அழிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் ஹிஸ்டரி போய்விடும், ஆனால் அழியாமல் இருக்க 'பின்' (pin) செய்து வைத்தவை போகாது.

என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று: 'இதை ஹிஸ்டரியில் சேர்க்காதே' என்று விண்டோஸிடம் சொல்ல ஆப்களுக்கு வழி இருக்கிறது. பாஸ்வேர்டுகளைப் பூட்டிப் பத்திரமாக வைக்கும் ஆப்களான நல்ல பாஸ்வேர்டு மேனேஜர்கள் அதைப் பயன்படுத்துகின்றன. எக்செலிலிருந்தோ நோட்பேடிலிருந்தோ காப்பி செய்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

தயவுசெய்து இன்றைக்கே செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் கிளிப்போர்டு பகுதிக்குப் போங்கள். சாதனங்களுக்கிடையே ஒத்திசைப்பதை ஆஃப் செய்யுங்கள். இருப்பதை அழியுங்கள், பின் செய்ததைத் தனியாக நீக்குங்கள். ஐபோனிலும் மேக்கிலும், சாதனங்களுக்கிடையே வேலையைத் தொடர உதவும் ஹேண்ட்ஆஃப் வசதியை ஆஃப் செய்தால் போதும். ஒத்திசைப்பு இல்லாமல் வேலை ஓடாது என்பவர்கள், விண்டோஸில் தானாக அனுப்பாமல் நீங்கள் தேர்ந்தெடுப்பதை மட்டும் அனுப்பும் வசதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்கு வேண்டவே வேண்டாம். ஆளுக்கொரு ஆப்பிள் ஐடி போடுங்கள், அதற்குக் காசு கேட்பதில்லை. பாஸ்வேர்டுகளை எக்செலிலிருந்து பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றி, பாஸ்வேர்டைத் தானே நிரப்பும் அதன் ஆட்டோஃபில்லைப் பயன்படுத்துங்கள். காப்பி செய்யும் தேவையே பெரும்பாலும் வராது. அப்புறம், உங்கள் கணக்கில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைத் திறந்து, கையில் இல்லாதவற்றை நீக்குங்கள்.

ஏற்கெனவே ஒரு பாஸ்வேர்டு அடுத்தவர் கண்ணில் பட்டிருந்தால், ஹிஸ்டரியை அழிப்பதோடு விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டையே மாற்றுங்கள், வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.