மோடம் ஏன் அப்படிக் கத்தியது?

அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம், தொலைபேசி லைன் வழியே இணையம் தரும் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருந்தார்: இணைப்பு கிடைப்பதற்கு முன்னால் மோடம் கீச்கீச்சென்று கத்துமே, அது எதற்கு, அதை ஏன் நம் காதில் விழும்படி வைத்தார்கள்?

தொலைபேசி லைன் மனிதக் குரலுக்காகப் போட்டது. சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் ஒழுங்காகப் போகும். கணினியின் 0, 1 எல்லாவற்றையும் அதற்குள் அடங்கும் ஒலியாக மாற்றுவதுதான் மோடத்தின் வேலை, பள்ளியில் படித்த பண்பேற்றம். சரி, அது தெரிந்த கதை.

எனக்குப் பிடித்த இடம் எதிரொலி. வீட்டுக்கு வருவது இரண்டே கம்பி. போவதும் வருவதும் அதே ஜோடியில், ஒரே நேரத்தில். எக்ஸ்சேஞ்சில் போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று அதைப் பிரிக்கும் மின்சுற்று ஒன்று உண்டு. அது லைனோடு கச்சிதமாகப் பொருந்துவதே இல்லை, அதனால் நாம் அனுப்பியதில் கொஞ்சம் நம்மிடமே திரும்பி வரும். பக்கத்து ஊருக்குப் பேசுகிறவருக்கு அது உறுத்தாது. மோடத்துக்கோ பெரிய சிக்கல், ஏனென்றால் தூரத்திலிருந்து மெலிந்து வரும் எதிர்முனைக் குரலை அது தன் சொந்தக் குரலின் எதிரொலிக்கு நடுவே கேட்டாக வேண்டும். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே, கடைசிப் பந்தியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போல.

அழைப்பை எடுக்கும் மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஓர் ஓசை எழுப்பும். நெடுந்தூர அழைப்புகளில் பேச்சின் எதிரொலியை அடக்க வழியில் கருவிகள் வைத்திருப்பார்கள். இது பேச்சல்ல, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அவற்றுக்குச் சொல்லும் சைகையும் அதுதான். அப்புறம் வி.34 என்ற தரத்தில் செய்த மோடம் 150 முதல் 3750 ஹெர்ட்ஸ் வரை 21 சுரங்களை ஒன்றாக ஒலித்து, எந்தச் சுரம் எவ்வளவு தேய்ந்து வருகிறது என்று லைனை அளக்கும். கடைசியில் மழை பெய்வது போல 'ஷ்ஷ்' என்று ஓர் இரைச்சல் வரும், அதுதான் அழகு. ஒரு மோடம் இரைய, மற்றது வாயை மூடிக்கொள்ளும். தான் அனுப்பியது என்ன என்று இரைகிற மோடத்துக்குத் தெரியும், திரும்பி வருவதையும் கேட்கிறது. ஆகவே இந்த லைனில் தன் குரல் எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு வலுவோடு திரும்பும் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. பிறகு இணைப்பு இருக்கும்வரை அந்த எதிரொலியை முன்கூட்டியே கணித்துக் கழித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை டயல் செய்யும்போதும், சில நொடிகளில், புதிதாக!

ஸ்பீக்கர் வைத்ததே, எந்தக் கட்டத்தில் தடுக்குகிறது என்று நாம் கேட்டுக் கண்டுபிடிக்கத்தான். டயல் டோனே இல்லையா, வயரைப் பார். டோன் நன்றாகக் கேட்டும் மோடம் 'இல்லை' என்கிறதா, அது அமெரிக்க டோனுக்காகச் செய்ததாக இருக்கலாம்: அங்கே 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து வரும், இந்திய டோன் 400 ஹெர்ட்ஸில் நடுங்கிக்கொண்டே ஒலிப்பது. மோடத்துக்கு ஏடிஎக்ஸ்3 (ATX3) என்று கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும். எண்ணை அழுத்திய பிறகும் டோன் நிற்கவில்லையென்றால் பழைய எக்ஸ்சேஞ்ச், எண்ணை ஓசையாக அல்லாமல் துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் முறைக்கு மாற்று. 'ஷ்ஷ்' திரும்பத் திரும்ப வந்தால் லைனில் இரைச்சல். சத்தமெல்லாம் ஒழுங்காக முடிந்து விண்டோஸில் 691 என்று பிழை வந்தால் லைனைத் திட்டாதீர்கள், பாஸ்வேர்டைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இணைப்பு ஓயாமல் அறுந்தபோது, வாஸ்துப்படி கணினியை ஈசான மூலைக்கு மாற்றச் சொன்னார் அப்பாவின் நண்பர். மாற்றினோம், நின்றுவிட்டது. எல்லோரும் வாஸ்துவைக் கொண்டாட எனக்குத் தாங்கவில்லை. இடம் மாறும்போது கூடவே வேறு என்னென்ன மாறியது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? பழைய இடத்துக்கு ஓடிய நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ட்யூப் லைட் சோக்கை ஒட்டியே போயிருந்தது, அதன் மின் இரைச்சல் லைனில் கலந்திருக்குமோ என்று சந்தேகம். கணினியைப் பழைய மூலைக்கே தூக்கிப் போய், வயரை மட்டும் தரையோரமாக இழுத்துப் போட்டேன். அன்று இரவு முழுக்க ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.