ஸ்டீல்ஹெட்: எஃகுத்தலையா, ஏறுமீனா?

ஆற்று மீன்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரை. இடுப்பளவுக் குளிர்ந்த தண்ணீரில் நின்று ஒருவர் தூண்டில் வீசுகிறார். கீழே வரி ஓடுகிறது: ‘பருவத்தின் கடைசியில் எஃகுத் தலைகள் அதிகம் கிடைப்பதில்லை.’ ஏதோ பழைய இரும்புக் கடைச் சமாசாரம் என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஸ்டீல்ஹெட் என்ற மீனின் பெயரைப் பிய்த்துப் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். எஃகும் சரி, தலையும் சரி, இரண்டும் நல்ல தமிழ்தான். சேர்த்தால் மீன் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

ஸ்டீல்ஹெட் என்பது தனி இனம் கிடையாது. குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரெயின்போ ட்ரௌட் என்று ஒரு நன்னீர் மீன் இருக்கிறது. உடம்பெல்லாம் கரும்புள்ளி, பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை. ஆற்றில் பிறந்து, ஆற்றிலேயே வளர்ந்து, அங்கேயே முட்டையிட்டு முடிகிறது அதன் வாழ்க்கை. ஆனால் அதே இனத்தில், அதே ஆற்றில் பிறந்த சில குஞ்சுகள் ஒன்றிரண்டு வருடம் கழித்து வெள்ளிநிறம் பூசிக்கொண்டு கடலுக்கு இறங்கிவிடும். பசிபிக்கில் ஓரிரு வருடம், சில சமயம் மூன்று வருடம், தின்று கொழுத்துவிட்டு, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும். அப்படிப் போய்த் திரும்பியதற்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர். அண்ணன் ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொள்ள, தம்பி கப்பல் வேலைக்குப் போன குடும்பம் மாதிரி. ஊரில் இருந்தவருடைய பிள்ளை கடலுக்குப் போவதும், கடலுக்குப் போனவருடைய பிள்ளை ஊரோடு தங்குவதும் இந்தக் குடும்பத்தில் சகஜம்.

பெயர் ஏன் வந்தது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். கடலிலிருந்து புதிதாக ஏறி வரும்போது அதன் தலை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், தீட்டிய எஃகு போல மின்னும் என்பது ஒன்று. மண்டை ஓடு அவ்வளவு கெட்டி, தடியால் இரண்டு மூன்று போடு போட்டால்தான் அடங்கும் என்பது இன்னொன்று. நிறக்கதைதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. புதுமீனைப் பார்த்த யாருக்கும் அந்தப் பளபளப்புதான் முதலில் கண்ணில் படும். தடிக்கதை, படகில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வளர்ந்தது போலத் தெரிகிறது. எப்படி இருந்தாலும், வாஷிங்டன் மாநிலம் 1969-இல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தபோது ஸ்டீல்ஹெட் என்ற பெயரிலேயே அறிவித்தது.

விஞ்ஞானிகளும் இந்த மீனிடம் ஏமாந்தவர்கள்தான். 1792-இல் வால்பௌம் என்ற ஜெர்மானியர், ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்து மீன் ஒன்றுக்கு அவ்வூர்ப் பெயரை ஒட்டி ‘மிகிஸ்’ என்று பெயர் வைத்தார். 1836-இல் ரிச்சர்ட்சன், கொலம்பியா ஆற்றுப் பக்கம் கிடைத்த மீனுக்கு, அங்கே ஹட்சன் பே கம்பெனி மருத்துவராக இருந்த கெய்ர்ட்னரின் பெயரைச் சூட்டினார். 1855-இல் கலிபோர்னியா ஓடை ஒன்றின் மீனைப் பார்த்த கிப்பன்ஸ், வானவில்லை நினைவூட்டும் ‘இரிடியா’ என்ற பெயரைக் கொடுத்தார். கடைசியில் மூன்றும் ஒரே மீன்தான் என்று முடிவாகி, 1989-இல் பழைய பெயருக்கே முதலிடம் கொடுத்து ஓங்கோரிங்கஸ் மிகிஸ் என்று நிலைப்படுத்தினார்கள். முன்பாதிக்குக் கிரேக்கத்தில் ‘கொக்கி மூக்கு’ என்று பொருள். முட்டையிடும் காலத்தில் ஆண்மீனின் கீழ்த்தாடை மேல்நோக்கி வளைந்துவிடுவதைப் பார்த்து வைத்தது.

நீலகிரிக்குப் போனவர்கள் அவலாஞ்சியில் ட்ரௌட் மீன் பண்ணையைப் பார்த்திருக்கலாம். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க ஒரு நூற்றாண்டுக்கு முன்பே முட்டையாகக் கொண்டுவந்து வளர்த்த ரெயின்போ ட்ரௌட் அது. ஸ்டீல்ஹெட்டும் அதுவும் ஒரே இனம். மலைமேல் அடைபட்டதால் கடலைக் கண்ணால் பார்க்காத கிளை, அவ்வளவுதான். ஊட்டிப் பக்கம் இதைத் தமிழாக்க யாரும் மெனக்கெடவில்லை, ட்ரௌட் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நானும் அந்தக் கட்சி. வேற்றூர் மீனின் பெயரை அப்படியே வாங்கிக்கொள்வதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. தப்பான உறவு கொண்டாடுவதுதான் வம்பு. நம் கடலோரக் காலா மீனைக் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று எழுதி வைக்கிறார்களே, காலாவுக்கும் சால்மனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆக, ஸ்டீல்ஹெட் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். தமிழ் தேவைப்படுவது அந்த மீனின் நிலைகளுக்கு. கடைப்பருவத் தூண்டிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இது பளிச்சென்று தெரியும்.

பொதுவாக ஸ்டீல்ஹெட் இரண்டு கூட்டமாக ஆற்றுக்குள் வரும். கோடையில் நுழைகிற கூட்டம் முட்டை முற்றாமலே வந்து, மாதக்கணக்கில் ஆற்றிலேயே காத்திருக்கும். குளிர்காலக் கூட்டம் நவம்பர் வாக்கில் தொடங்கி, முற்றிய முட்டையோடு ஏறும். இரண்டும் முட்டையிடுவது பெரும்பாலும் குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும். அதனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆற்றில் மூன்று வகை மீன் ஒரே சமயத்தில் நிற்கும்: நேற்றுக் கடலிலிருந்து வந்தது, முட்டையிட்டுக்கொண்டிருப்பது, இட்டு முடித்துத் திரும்புவது. ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று சலித்துக்கொள்ளும் தூண்டில்காரர்களுக்கு, மாட்டிய ஒன்று இதில் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகவே தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வந்தது ‘க்ரோம்’. வண்டிகளில் பூசுகிற அதே பளபளப்பு. செதிலோடு ஒட்டிய கடல்பேன் இன்னும் உதிராமல் இருந்தால், உப்புத்தண்ணீரை விட்டுச் சில நாள்தான் ஆகிறது என்று கணக்குப் போடுவார்கள்.

முட்டையிட்டு முடித்தது ‘கெல்ட்’. இந்தச் சொல் ஸ்டீல்ஹெட்டுக்காகப் பிறந்ததில்லை. இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும், முட்டையிட்டு மெலிந்த அட்லாண்டிக் சால்மனைக் குறித்த பழஞ்சொல். கடல் தாண்டி அமெரிக்கா போய் ஸ்டீல்ஹெட்டோடு ஒட்டிக்கொண்டது. பசிபிக் பக்கத்துச் சினூக், கோஹோ, சாக்கை சால்மன்களுக்கு இப்படி ஒரு சொல்லுக்கு வேலையே கிடையாது. முட்டையிட்ட கையோடு அவை செத்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படிச் சாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல சாகத்தான் செய்யும். ஆனால் ஒரு சிறு பங்கு மறுபடி கடலுக்குப் போய், தேறி, இன்னொரு முறை ஏறி வரும்.

கெல்டைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கடலுக்குத் திரும்பும் முன் அது மறுபடி வெள்ளிநிறத்துக்கு மாறும், தூரத்துக்குப் புதுமீன் போலவே தெரியும். கையில் எடுத்தால்தான் கதை புரியும். உடம்பு ஒட்டி நீண்டு, தலை மட்டும் பெரிதாக, வயிறு தொளதொளவென்று இருக்கும். பெண்மீனின் வால் கூழாங்கல்லைத் தோண்டித் தோண்டித் தேய்ந்து வெளுத்திருக்கும். சதை நீர்த்துப்போய்ச் சுவையில்லாமல் இருக்கும். இங்கிலாந்தின் 1975-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம், முட்டையிடப்போகும் மீனையும், இட்டுவிட்டு இன்னும் தேறாத மீனையும் சேர்த்து ‘அசுத்தமான மீன்’ என்று ஒரே சொல்லால் குறிக்கிறது. பிடித்து வைத்துக்கொள்வது குற்றம். நோக்கம் நல்லதுதான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பச்சை உடம்புக்காரிக்கும் இப்படி ஒரு பெயரா என்று நம் ஊர்க் கிழவிகள் கேட்டால் சண்டைக்கே போவார்கள்.

அப்புறம் ‘டிராப்-பேக்’. இது பெரும்பாலும் அமெரிக்கப் பேரேரிகள் பக்கத்துப் பேச்சு. மிச்சிகனின் ஓ சேபிள் ஆற்றில் 1876-இல் இந்த மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே கடல் கிடையாது, ஏரியே கடல். வசந்தத்தில் முட்டையிட்டுவிட்டு ஏரிக்குப் பின்வாங்கும் மீன்தான் டிராப்-பேக். காய்ந்த வயிற்றோடு இறங்குவதால் கண்ட இரையையும் கவ்வும். கெல்டும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். கெல்ட் மீனின் உடல்நிலையைச் சொல்கிறது, இது அது போகும் திசையைச் சொல்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கைப் பார்ப்போம்.

முதலில் சினை. மரத்தில் கிளை, விலங்கில் கரு, மீனில் முட்டை என எல்லாவற்றுக்கும் பொருந்தும் பழைய சொல். சினைமீன் என்றால் சந்தையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, விலையும் கூடத்தான். முட்டையிடக் கல்லில் தோண்டும் பள்ளத்தைச் சினைக்குழி என்று சொன்னால் உடனே விளங்கும். கெல்டைச் ‘சினை உதிர்த்த மீன்’ எனலாம்; உடல்நிலையைக் காட்ட அது போதும்.

பயணத்துக்கு வலசை என்ற சொல்லைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பறவைக்கு அது நிலைத்துவிட்டது. ஆனால் பகைக்கு அஞ்சிக் குடியோடு ஊரைவிட்டு ஓடுவதுதான் அகராதியில் அதன் பழைய பொருள். முட்டையிடப் பிறந்த வீட்டுக்கு வருகிற மீனுக்கு எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

நம் பேச்சில் இதைவிடச் சுலபமான வினை இருக்கிறது. புதுத்தண்ணீர் வந்து கலங்கல் வழியும்போது ‘மீன் ஏறுது’ என்பார்கள். வங்கத்தில் ஹில்சா என்று கொண்டாடும் நம் உல்லம், கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறித்தான் முட்டையிடும். விலாங்கு தலைகீழ், ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கும். எனவே ஏறுமீன், இறங்குமீன். ஔவையின் மூதுரையில் கொக்கு காத்திருக்கும் அந்த மடைத்தலையில் வருகிற ஓடுமீன், உறுமீன் என்ற அமைப்புதான் இதுவும்; வினைத்தொகை. ஏறுமீன் என்று சொன்னால் ஏறிய மீன், ஏறுகின்ற மீன், ஏறும் மீன் மூன்றும் அதற்குள் அடங்கும். ஒரு முறை ஏறி, இறங்கி, மறுபடி ஏற வாய்ப்புள்ள மீனுக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கணம் கிடைக்காது. சினூக், கோஹோ, சாக்கை சால்மன்களும் ஏறுமீன்தான், ஆனால் ஏறிய இடத்திலேயே செத்துவிடுவதால் அவற்றுக்கு இறங்குமீன் என்ற நிலை இல்லை. அந்த ஆவணப்பட வரியை நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: ‘பருவக் கடைசியில் புதிதாக ஏறும் ஸ்டீல்ஹெட் குறைந்துவிடும், தூண்டிலில் படுவது பெரும்பாலும் இறங்குமீன்.’

இந்த இரண்டு சொல்லின் வித்தியாசத்தைக் கொலம்பியா ஆற்றில் கண்ணாலேயே பார்க்கலாம். கடலிலிருந்து ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன் போக, கொலம்பியாவிலும் அதன் கிளையான ஸ்னேக் ஆற்றிலுமாக எட்டு அணைகள். எட்டிலும் மீன் ஏற ஏணிப்படித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். ஏறுமீனுக்கு வழி உண்டு. மெலிந்து போய்த் திரும்பும் இறங்குமீன் மதகு வழியாகவோ, பக்கக் கால்வாய் வழியாகவோ, மின்சுழலி வழியாகவோ தட்டுத்தடுமாறித்தான் கடலைச் சேர வேண்டும். யாக்கிமா ஆற்றில் ப்ராசர் என்ற இடத்தில், யாக்கமா பழங்குடியினரின் மீன்வளத் துறை இப்படி இறங்கி வருகிற மீன்களைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, முதலில் கிரில் எனும் கூனி போன்ற சிற்றுயிரை ஊட்டி, உடம்பு தேறியதும் இலையுதிர்காலத்தில் ஆற்றிலேயே திரும்ப விடுகிறது. அவை அங்கிருந்து கடலுக்குப் போவதில்லை. குளிர்காலத்தை ஆற்றிலேயே கழித்துவிட்டு, வசந்தத்தில் மேலே ஏறுகின்றன.