நவம்பரில் ஓடும் தண்ணீர் மேப்பில் இல்லை

"யாரு சார் எங்களைக் கேட்டாங்க?"

போன மாதம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டது இது. கொடைக்கானலுக்குச் சற்று வெளியே தாத்தா காலத்து நிலம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பிளாஸ்டிக் கவரில் ஒழுங்காக வைத்திருந்தார். நான்கு அறை காட்டேஜ் கட்டுவதற்கு பிளான் போட்டுத் தரச் சொல்லி வந்திருந்தார். சர்வே எண்ணை மாஸ்டர் பிளான் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். விவசாய மண்டலம். நில உபயோக மாற்றம் வாங்காமல் அங்கே காட்டேஜுக்கு அனுமதி கிடைக்காது என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

மாஸ்டர் பிளான் போடும்போது கேட்டார்கள் என்பதுதான் உண்மை. அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வந்தது. வரைபடத்தை அலுவலகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டடப் பொறியாளராக இந்த மலையில் வேலை பார்க்கும் எனக்கு இது வாரம் ஒரு முறையாவது கேட்கும் குரல். அதனால்தான் எழுதுகிறேன்.

மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம் என்பது ஓர் ஊரில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் ஆவணம். வரைபடத்தில் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், விவசாயம் பச்சை என்று நிறம் பூசியிருப்பார்கள். உங்கள் நிலத்தின் மேல் விழும் நிறம்தான் அதில் நாளை என்ன வரலாம் என்பதைச் சொல்கிறது. அதைவிட முக்கியம், பக்கத்து நிலத்தில் என்ன வரலாம் என்பதையும் அதுவே சொல்கிறது. கொடைக்கானலுக்கு இப்படி ஒரு திட்டம் 1993-இல் வந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 1994-இல் குறிஞ்சி பூத்தது, 2006-இல் மறுபடி பூத்தது, அப்போதும் அதே திட்டம்தான். ஒரு முறை நிறம் பூசிவிட்டால் உங்கள் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போகும் வரை அது அப்படியே இருக்கலாம்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வரைவுத் திட்டம் தயாரானதும் பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும், அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்கிறது. "எந்த நபரும்" எழுதலாம். நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர், அந்த ஓடையில் துணி துவைப்பவர், யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

சரி, அதிகாரிகள் படித்தவர்கள், செயற்கைக்கோள் படம் வைத்திருக்கிறார்கள், நாம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இதில் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்துக்கு மேகமில்லாத வானம் வேண்டும். நம் மலையில் வானம் தெளிவாக இருப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது பாதி ஊற்றுகள் காய்ந்து கிடக்கும். வருவாய்த்துறையின் நில அளவை வரைபடமான புலப்படத்திலோ ஓடைப் புறம்போக்கு என்று பதிவான ஓடைகள் மட்டும் இருக்கும். பட்டா நிலத்துக்குள் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பொங்கி வரும் ஊற்று பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆக, அலுவலகத்தில் இருப்பது கோடைக்கால மலை. மழைக்கால மலை அங்கேயே குடியிருப்பவர்களின் மனதில் மட்டும்தான் இருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை நீலகிரி நமக்குக் காட்டியிருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைமண் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் நிற்கும்போது, அடியில் மண்ணை வெட்டி எடுத்திருந்தாலோ, தண்ணீர் இறங்கும் வழியைச் சுவர் வைத்து அடைத்திருந்தாலோ, சரிவு பிடிமானம் இழந்து இறங்கிவிடும். மலைக் கட்டடங்களுக்கு 7 மீட்டர் உயர வரம்பு என்ற விதி நல்ல விதிதான். ஆனால் கட்டடம் குட்டையாக இருந்தாலும் ஊற்றின் மேல் உட்கார்ந்திருந்தால் அந்த விதி காப்பாற்றாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரைவுத் திட்டம் பார்வைக்கு வந்தபோது, கேரட்டும் பூண்டும் போடும் ஒரு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டிக் கொடுத்த பழக்கம். மேசை முழுக்க வரைபடம் விரித்திருந்தது. எழுத்து எறும்பு அளவு. முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நான் தார்ச்சாலையைக் காட்டினேன், சர்ச் வளைவைக் காட்டினேன். அவ்வளவுதான், விரல் தானாக நகர ஆரம்பித்தது. "இது பெரியப்பா தோட்டம். இது பேரிக்காய் மரம் நிக்கிற மேடு. இதுக்குக் கீழதான சார் ஊத்து?" விரல் நின்ற இடம் முழுக்க மஞ்சள். தண்ணீர் ஓடுவதைக் காட்டும் நீலக்கோடு எதுவும் இல்லை. மேல் சரிவும் மஞ்சள். "கார்த்திகையில வந்து பாருங்க, முழங்கால் தண்ணி போகும். இதுல வீடுன்னு போட்டிருக்காங்களே" என்றார். நகத்தில் ஒட்டியிருந்த தோட்டத்து மண்ணோடு அந்த விரல் வரைபடத்தின் மேல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினோம். ஒரு பக்கம்தான். சர்வே எண், உட்பிரிவு எண், ஊற்று எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை ஓடுகிறது, எத்தனை வீடுகள் அதில் தண்ணீர் பிடிக்கின்றன, எங்கே போய்ச் சேருகிறது, அந்த இடத்துக்கு என்ன நிறம் வேண்டும். முந்தின மழையில் அவர் மகன் செல்போனில் எடுத்த இரண்டு படங்களை பிரிண்ட் போட்டு இணைத்தோம். புலப்பட நகலில் ஊற்றின் பாதையை நானே சிவப்புப் பேனாவில் வரைந்தேன். கடைசியில் "நேரில் கருத்துச் சொல்ல வாய்ப்பு வேண்டும்" என்று ஒரு வரி. இந்த வரியை மறக்காதீர்கள். எழுதிக் கேட்டவர்களுக்குத்தான் நேரில் கேட்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"மலையைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரே வாசகத்தில் இருநூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் எந்த இடம், என்ன மாற்றம் என்று அதில் இல்லாவிட்டால் வரைபடத்தில் திருத்த ஒன்றும் இருக்காது. நான் பார்த்தவரை அப்படிப்பட்ட மனுக்களுக்கு ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிடுகிறார்கள். இருநூறு பேரும் தங்கள் தெருவைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தால் இருநூறு இடங்களைப் பார்த்தாக வேண்டியிருக்கும்.

உங்கள் நிலத்தின் மேல் புதுச் சாலைக் கோடு விழுந்திருந்தால் பயந்துபோய்க் குறைந்த விலைக்கு விற்றுவிடாதீர்கள். அப்படி ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்த மூன்று ஆண்டுக்குள் முறையான அறிவிப்பு வராவிட்டால் ஒதுக்கீடு விலகியதாகக் கருத 38-ஆவது பிரிவு இருக்கிறது. அதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கிராம ஊராட்சிக்காரர்கள் கிராம சபையில் தங்கள் ஆட்சேபணையைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

ஆட்சேபணை எழுதும் இந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் மிச்சம் இருப்பது கோர்ட்தான். கொடைக்கானலில் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கிய ஓட்டல் ஏழு மாடியாக எழுந்தபோது பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-இல்தான் தீர்ப்பு வந்தது. எல்லாரிடமும் அதற்கான பலம் இருக்காது. ஒரு பக்க மனுவுக்கான பலம் எல்லாரிடமும் இருக்கிறது.

நேரில் கேட்கும் நாளில் அந்த அக்கா நன்றாகவே பேசினார். அதிகாரி ஒருவர் எழுந்து வந்து, பேரிக்காய் மேடு எங்கே என்று கேட்டு, பென்சிலில் குறித்துக்கொண்டார். இறுதி வரைபடம் வந்தபோது ஊற்று இருந்த இடத்தில் மெல்லிய நீலக்கோடு ஒன்று வந்திருந்தது. ஆனால் மேல் சரிவு மஞ்சளாகவே இருந்தது. அங்கே நிலம் வைத்திருந்த ஐந்து பேர் மஞ்சள்தான் வேண்டும் என்று ஆவணங்களோடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது அவர்கள் உரிமை. கீழே அந்த ஊற்றில் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் நாற்பது இருக்கும். அந்த நாற்பதில் எழுதியிருந்தது அக்கா ஒருவர் மட்டும்.