முதல் வாரம் குறைவது கொழுப்பு அல்ல

சோற்றை நிறுத்திய நான்காம் நாளே எடை மெஷின் ஒன்றரை கிலோ குறைத்துக் காட்டும். மனசு துள்ளும். மூன்றாம் வாரத்தில் எண் அசையாமல் நிற்கும். நடுவில் ஒரு கல்யாணச் சாப்பாடு வந்தால் மறுநாள் காலை ஒரு கிலோ ஏறியிருக்கும். "நமக்கு உடம்பு வாகே இப்படித்தான்" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தண்ணீரால் வருவது. கொழுப்புக்கு இதில் பங்கு மிகக் குறைவு.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் செரித்து குளுக்கோஸ் ஆகிறது. உடனே தேவைப்படாத குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரல் சுமார் 100 கிராமும், தசைகள் சுமார் 400 கிராமும் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். ஆக, சேமிப்பு நிரம்பியிருக்கும்போது அதன் எடையே இரண்டு கிலோ அளவுக்கு வரும். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும். அதோடு இருந்த தண்ணீர் சிறுநீராக வெளியேறிவிடும். இன்சுலின் குறையும்போது சிறுநீரகங்கள் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுவதால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். மறுபடி ஒரு நாள் வயிறு நிறையச் சாப்பிட்டால் கிளைகோஜன், உப்பு, தண்ணீர் மூன்றும் திரும்பி வந்துவிடும்.

கொழுப்பின் கணக்கு வேறு. உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் அன்றைய தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. அதே போல, ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் ஏறத்தாழ பதினைந்து நாள். வாரத்துக்கு அரைக் கிலோ என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்று நினைப்பவர்கள் அதிகம். வயிற்றில் கட்டும் வியர்வை பெல்ட் விற்பனையாவதே அந்த நம்பிக்கையால்தான். ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. பெல்ட் கட்டி வியர்த்தால் போவது வெறும் தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்கவும் வழியில்லை. கொழுப்பு செல்களிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்துதான் தசைகளுக்குப் போகின்றன. எந்த இடத்துச் செல் முதலில் சுருங்கும் என்பதை மரபணுவும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் 1,000 கலோரி குறைத்தால் இரண்டு மடங்கு வேகமாகக் குறையுமே? தாளில் குறையும். உடல் அதற்கு விடுவதில்லை. 1944–45இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்கள் தங்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். கூடவே உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தியும் பெரிதாகக் குறைந்தது. எப்போதும் குளிர் எடுத்தது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சோதனை முடிந்ததும் அடங்காமல் சாப்பிட்டார்கள். கொழுப்பு செல்கள் சுருங்கும்போது லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் வந்ததாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. பட்டினி கடுமையானால் தசையும் கரையும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கஞ்சியும் பழமும் மட்டும் தின்று மாதம் 8 கிலோ குறைக்கும் திட்டங்களை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

இனி அடுப்படிக்கு வருவோம். 40 வயது, 75 கிலோ எடை, 165 செ.மீ. உயரம், சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் உட்கார்ந்த வேலை பார்க்கும் ஓர் ஆணுக்கு நாளுக்கு ஏறக்குறைய 2,000 கலோரி செலவாகும். 1,600 போதும் என்று வைத்துக்கொண்டால், அந்த 400 எங்கிருந்து வரும்?

பலரும் முதலில் கை வைப்பது சோற்றில். சோற்றை நிறுத்த வேண்டாம், அளக்க வேண்டும். ரைஸ் குக்கரோடு வரும் 180 மி.லி. கப் நிறைய எடுத்தால் சுமார் 150 கிராம் அரிசி. அது 520 கலோரி. அரைக் கப் அரிசி வெந்தால் 200 கிராம் சோறு, 260 கலோரி. மதியத்துக்கு அது போதும். முதல் ஒரு வாரமாவது டிஜிட்டல் தராசில் சோற்றை எடை பார்த்துத் தட்டில் போடுங்கள். கண் அளவு எல்லோரையும் ஏமாற்றும். வாரம் கழிந்தால் எத்தனை கரண்டி என்பது கைக்கே பழகிவிடும்.

சோற்றுக்குப் பதில் சிறுதானியம் என்றால் எடை தானாகக் குறையும் என்பது சென்னையில் பரவலான நம்பிக்கை. வேகாத 100 கிராம் கேழ்வரகு, தினை, கம்பு எதை எடுத்தாலும் 320 முதல் 360 கலோரிதான். அரிசிக்கும் 350 சொச்சம். நார்ச்சத்து கூடுதல் என்பதால் வயிறு சீக்கிரம் நிறையும், சர்க்கரை மெதுவாக ஏறும். அது நல்ல காரணம். ஆனால் அளவில்லாமல் தினைப் பொங்கல் சாப்பிட்டால் பொங்கல்தான். இரவுச் சப்பாத்திக்கும் இதே நிலைமை. எண்ணெய் தடவிய மூன்று சப்பாத்தி 350 கலோரியைத் தாண்டும். தேங்காய் அரைத்த குருமா சேர்ந்தால் 500. அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சாம்பார் சாதமே மேல்.

உண்மையில் கலோரி ஒளிந்திருப்பது எண்ணெயில். ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. நல்லெண்ணெய், கடலெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வீட்டு எண்ணெயைப் பிரித்துத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டால் யாரும் தினமும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இருபதாம் தேதி டப்பா காலியானால் எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும்.

காபியும் அப்படித்தான். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. நூறு மி.லி. ஆரஞ்சுப் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட டம்ளர் 130 கலோரி. நீலப் பாலும் அரை ஸ்பூன் சர்க்கரையும் என்றால் 70க்குள். நாளுக்கு மூன்று டம்ளர் குடிப்பவருக்கு 180 கலோரி மிச்சம். சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரம் அரை ஸ்பூனாகக் குறைத்தால் நாக்கு எதிர்க்காது.

குறைப்பது ஒரு பாதி. பசி அடங்காத எந்தத் திட்டமும் நிற்காது. அதற்குப் புரதம் வேண்டும். புரதம் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான். எடை குறையும்போது தசை கரையாமல் காப்பதும் அதுவே. மேலே சொன்ன நபருக்கு நாளுக்கு 75 கிராமாவது வேண்டும். தண்ணியாக வைத்த சாம்பாரில் அது வராது. வேகாத பருப்பு 60 கிராமில் 14, இரண்டு முட்டையில் 12, மதியம் 100 கிராம் மீனில் 18, சாயங்காலச் சுண்டலில் (கடலை வேகாத எடை 40 கிராம்) 8, ஒரு கிண்ணம் தயிரில் 6, அரிசியும் இட்லியும் பாலும் சேர்த்து 18 வரை. சைவம் என்றால் முட்டை, மீனுக்குப் பதில் 30 கிராம் சோயா சங்க்ஸும் (15) 70 கிராம் பன்னீரும் (12).

காய்கறியில் தாராளம் காட்டலாம். அவரை, புடலை, பீர்க்கங்காய், வாழைத்தண்டு, கோஸ், கீரை என்று வேளைக்கு 200 கிராம், தேங்காய்த் துருவல் ஒரு ஸ்பூனோடு. தட்டில் முதலில் காயும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவதும் தணியும், இரண்டாம் முறை சோறு கேட்கும் கையும் நிற்கும். உருளை, சேனை, வாழைக்காய் இந்தக் கணக்கில் சேராது. அவை சோற்றுப் பக்கம்.

நடை பற்றிச் சுருக்கமாக. முப்பது நிமிட வேக நடையில் கூடுதலாகச் செலவாவது 150 கலோரிக்குள்தான், ஒரு மெது வடைக்குச் சமம். எடை இறங்குவது தட்டில். இறங்கியதைத் தக்கவைப்பதில் நடையின் பங்கு பெரிது. மே மாத சென்னையில் காலை ஆறரைக்குள் மெரினாவிலோ நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ முடித்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சி அவசியம்.

எடையைக் காலையில் மலம் கழித்த பின், சாப்பிடும் முன் பாருங்கள். ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். தனி நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு ஒரு கிலோ வரை நீர் ஏறலாம். இடுப்புச் சுற்றளவு எடையைவிட நல்ல அளவுகோல். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் இந்தியர்களுக்கு ஆபத்து எல்லை. நம் உடல்வாகில் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்வதால், உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. ஐரோப்பியர்களுக்கு அது 25.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டு கண்காணித்தார்கள். உணவும் நடையும் மாற்றிய குழுவில் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது, எடை சொல்லும்படி குறையாமலேயே. எண் நின்றுபோன மாதத்திலும் உள்ளே வேலை நடக்கிறது.

மூன்று நான்கு வாரம் சராசரி அசையாவிட்டால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். 75 கிலோ உடலுக்கு வேண்டிய சக்தி 69 கிலோ உடலுக்கு வேண்டாம். பழைய 1,600இல் பற்றாக்குறை சுருங்கியிருக்கும். அதைவிட அடிக்கடி நடப்பது, கரண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவது. ஆகவே உணவை இன்னும் வெட்டும் முன் ஒரு வாரம் மறுபடி தராசை எடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவை மாற்றி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தக் கணக்கைத் தொட வேண்டாம்.