கத்தும் பையில் ஒரு சுரப்பி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் கோடை மழை பிடித்துவிட்டால் இரவுத் தூக்கம் பாதிதான். நாணல் புதரிலிருந்து கூரான விசில் விடாமல் வரும். கத்துவது 3 சென்டிமீட்டர் அளவே உள்ள வண்ண நாணல் தவளையின் ஆண்.

பெண்ணை அழைக்கத்தான் இந்தக் கூச்சல் என்பது தெரிந்த கதை. கத்தும்போது தொண்டைக்குக் கீழே பை உப்புவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையின் மேல் ஒரு சின்னத் திட்டு இருக்கும். அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அது ஒரு சுரப்பி. ஆப்பிரிக்க நாணல் தவளைகள் பலவற்றின் திட்டை வேதியியல் முறையில் சோதித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. எளிதில் ஆவியாகும் பொருள்கள் பல அதில் இருந்தன. இனத்துக்கு இனம் கலவை வேறுபட்டது.

இனத்துக்கொரு மணம் எதற்கு? நேட்டால் கடலோரக் குளங்களில் யாரும் தனியாகக் கத்துவதில்லை. வண்ணத் தவளை விசிலடிக்கும் அதே நாணலில் டிங்கர் நாணல் தவளை சுத்தியலால் ஆணியைத் தட்டுவது போலக் குரல் கொடுக்கும். இசிப்பிங்கோ சதுப்பில் பிக்கர்ஸ்கில் நாணல் தவளையும் உண்டு. அழியும் ஆபத்தில் இருக்கும் அதன் மெல்லிய குரல் இந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். தூரத்திலிருந்து வரவழைக்கக் குரல், பக்கத்தில் வந்தபின் ‘நம்ம ஆள்தானா’ என்று சரிபார்க்க மணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. தவளை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டுதான் கத்துகிறது. காற்று நுரையீரலுக்கும் பைக்கும் நடுவே போய் வருகிறது, வெளியே போவதில்லை. அதனால் மணத்தை அது ஊதித் தள்ள முடியாது. சுரப்பி பையின் வெளித்தோலில் இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது: பை உப்ப உப்பத் தோல் இழுபட்டு விரிகிறது, பொருள் காற்றில் பரவ வழி கிடைக்கிறது.

தவளைத் தோலில் வழக்கமாக இரண்டு வகைச் சுரப்பிகள்: ஈரம் காக்கும் கோழைச் சுரப்பி, எதிரியை விரட்டும் நச்சுச் சுரப்பி. இனப்பெருக்கத்துக்கு உதவும் சுரப்பிகள் இவற்றிலிருந்து மாறி வந்தவை. பல இனங்களில் ஆண் ஹார்மோன் ஏறும்போது அவை பெரிதாகும், காலம் முடிந்ததும் சுருங்கும். அதற்காக எல்லாச் சுரப்பியும் சேதி சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் மழைத்தவளையில் ஆண் சின்னது, கை குட்டை. உருண்டையான பெண்ணைக் கட்டிப்பிடிக்க எட்டாது. தோலில் ஊறும் பசையால் அவள் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படியே இருவருமாக மண்ணுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே அது வெறும் பசை.

தண்ணீரில் சேதி அனுப்பும் தவளைகள் வேறு வகைப் பொருளை நம்புகின்றன. ஆஸ்திரேலிய மரத்தவளை ஒன்றின் ஆண் சுரக்கும் ஸ்பிளெண்டிஃபெரின், 25 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. பெண்ணை ஈர்ப்பது 1999-இல் தெரியவந்தது. பெப்டைடு நீரில் கரையும், ஆனால் காற்றில் ஆவியாகாது. நாணலில் உட்கார்ந்து கத்துபவனுக்கு அது உதவாது. லேசான மூலக்கூறுதான் வேண்டும்.

சுரப்பியில் ஒரு பொருள் இருப்பதால் மட்டும் அது காதல் சேதி ஆகிவிடாது. மீன் தொட்டிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் குள்ள நகத்தவளையின் ஆணுக்கு அக்குளுக்குப் பின்னால் சுரப்பி உண்டு. 2000-இல் வெளிவந்த சோதனையில், இரண்டாகப் பிரியும் நீர்ப்பாதையில் பெண் தவளையை விட்டார்கள். ஆண் இருந்த பக்கம் அது போனது. சுரப்பியை நீக்கிய ஆணிடம் அந்த ஈர்ப்பு இல்லை. சுரப்பியை மட்டும் அரைத்துக் கலந்தபோது ஈர்ப்பு திரும்பியது. இப்படி எடுத்துப் பார்த்து, திரும்பச் சேர்த்தும் பார்த்தால்தான் நம்பலாம்.

நாணல் தவளையிடம் இந்த வேலை இதைவிடச் சிக்கலானது. குரல், பளிச்சென்ற திட்டு, மணம் மூன்றும் ஒரே பையிலிருந்து ஒரே நேரத்தில் வருகின்றன. மணத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று அறிய, பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் விட்டு, ஒரு பக்கம் மணத்தோடும் இன்னொரு பக்கம் மணமில்லாமலும் வைத்து, பெண் எந்தப் பக்கம் தாவுகிறது என்று பார்த்தாக வேண்டும்.